எஃப்.சி.க்கு அடித்த பெயிண்ட்

1

வண்டிகளைப் பரிசோதிக்கும் மெக்கானிக் கார்டன் என் வண்டியை லிஃப்டில் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தி, அடியில் நின்று கைவிளக்கை அடித்துப் பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இதற்கு யார் பெயிண்ட் அடித்தது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. சும்மாவா? சனி, ஞாயிறு இரண்டு நாளும் முதுகு ஒடிய மல்லாந்து கிடந்து அடித்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூடப் போகவில்லை. சேஸ் என்கிற அடிச்சட்டம், அச்சு, ஸ்பிரிங் பட்டை, டீசல் டேங்க் என்று ஓர் அங்குலம் விடாமல் கறுப்பு மின்னியது. சக்கரத்து போல்ட்டுகளுக்கு வெள்ளி நிறம். மனிதர் கைகொடுக்கப் போகிறார் என்று என் வலது கையைப் பேண்ட்டில் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டேன்.

அவர் ஒரு தாளை எடுத்து, தேறவில்லை என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டார்.

"ஏன்?" என்றேன்.

"எதை மறைக்கிறாய்?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "மறைக்கவா? மரியாதைக்கு அடித்தேன்" என்று கத்திவிட்டேன். மரியாதைக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்லைப் போட்டேன் என்று இப்போது நினைவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: "பெயிண்ட்டுக்குக் கீழே இரும்பு இருக்கிறதா, வெறும் துருவா என்று எனக்கு எப்படித் தெரியும்? அடித்தது அத்தனையையும் சுரண்டிக்கொண்டு வா. வெள்ளிக்கிழமை மதியம் வரலாம். இரும்பு இருந்தால் ஒட்டுப் போட்டுத் தருகிறேன். இல்லையென்றால் இந்த வண்டி காயலான் கடைக்குத்தான்."

காயலான் கடை என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் காதில் விழுந்தது.

அன்று திங்கட்கிழமை. வருகிற சனிக்கிழமை என் மகளை நான்கு மணி நேரத் தூரத்தில் இருக்கும் பல்கலைக்கழக விடுதியில் கொண்டுபோய் விட வேண்டும். கட்டில் மெத்தை, சைக்கிள், புத்தகப் பெட்டிகள் எல்லாம் ஏற வேண்டும். இந்த வண்டியில்தான் ஏற வேண்டும், நான்தான் ஓட்ட வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

2

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் செல்வின், ஆழ்வார்குறிச்சிக்காரன். கனடாவின் கிழக்குக் கடலோரம் நோவா ஸ்கோஷியாவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். பள்ளிக்கூடக் கட்டடப் பராமரிப்பு வேலை. மனைவி ரோஸ்லின் முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஒரே மகள் பொன்கிருபா. வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது, அதுவும் சரியாக இந்தச் சனிக்கிழமையோடு.

இங்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள், பனி உருகுவதற்காக. அந்த உப்பு பனியைத் தின்றுவிட்டு, பசி அடங்காமல் வண்டிகளையும் தின்னும். என்னுடையது இருபது வயது பிக்கப். நம்மூர்க் குட்டியானையின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திறந்த தொட்டி, முன்னால் மூன்று பேர் உட்காரலாம். அதன் கதவுகளின் அடிப்பாகத்தை உப்பு எப்போதோ முடித்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனையில் தேறி, கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் வாங்கினால்தான் ரோட்டில் ஓட்டலாம். வந்த புதிதில், அப்போதிருந்த பழைய காருக்காக அரசு அலுவலகக் கவுண்டரில் போய், நம்மூர் எஃப்.சி. நினைப்பில், "எனக்கு ஃபிட்னஸ் சர்டிபிகேட் வேண்டும்" என்று கேட்டேன். அந்த அம்மாள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு டாக்டர்களின் பட்டியல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

பெயிண்ட் யோசனை என் அப்பாவுடையது. அப்பா தாவீது, எழுபத்தெட்டு வயது, ஆழ்வார்குறிச்சியில் தங்கை வீட்டில் இருக்கிறார். இருபத்தைந்து வருடம் சொந்தமாக வேன் ஓட்டியவர். போன வாரம் வீடியோ அழைப்பில் வண்டியைக் காட்டினேன். முகத்தைச் சுளித்தார்.

"ஏலே, இப்படியேவா எஃப்.சி.க்குக் கொண்டு போவ? வண்டி மாப்பிள்ளை கணக்கா நிக்கணும்லே. பைய அடியிலேர்ந்து அடிச்சிட்டு வா. அதிகாரி குனிஞ்சு பாத்தா கண்ணு கூசணும்."

"இங்கன அதெல்லாம் பாக்க மாட்டாங்கப்பா. இதுவரைக்கும் அடிக்காமத்தான் தேறிச்சு."

"எந்த ஊரு அதிகாரியா இருந்தா என்னலே? நீ கோயிலுக்கு அழுக்குச் சட்டையிலயா போற?"

கடைக்குப் போய் இரண்டு டப்பா கறுப்பும் ஒரு சின்ன டப்பா வெள்ளியும் வாங்கி வந்தேன்.

அப்பாவைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. எஃப்.சி. என்றாலே எங்களுக்குப் பெயிண்ட் வாசனைதான். வருடா வருடம் வேன் பேட்டைக்குப் போகும். அங்கே மூக்கையா அண்ணாச்சியின் பட்டறையில் நான்கு நாள் கிடக்கும். டீசல் அடித்துக் கழுவி, டிங்கரிங் பார்த்து, பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலும் கீழும் புதுப் பெயிண்ட். அப்பா அவசரப்பட்டால் அண்ணாச்சி விட மாட்டார். "பெயிண்டு காயாம கொண்டு போனா பிரேக் இன்ஸ்பெக்டர் ஏறிட்டும் பாக்க மாட்டாரு வே. செத்த இரும்" என்பார். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, ஓட்டச் சொல்லி, நிறுத்தச் சொல்லி, ஒரு கையெழுத்துப் போடுவார். அப்பா திரும்பி வரும்போது ஹாரனை வீட்டு முக்கிலிருந்தே அடிப்பார். எஃப்.சி. ஆகிவிட்டது என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

பெயிண்ட் வேலையில் கடைசி வேலைதான் முக்கியமான வேலை. பின்கதவில் பிள்ளைகள் பெயர் எழுதுவது. கிரேஸ் – செல்வின் – மேரி. அக்கா, நான், தங்கை. ஒவ்வொரு எஃப்.சி.க்கும் பழைய எழுத்து பெயிண்ட்டுக்குள் போய்விடும், அதே இடத்தில் புதிதாக எழுத வேண்டும். எழுதி முடிக்கும்வரை அப்பா பெயிண்டரின் தோளுக்குப் பின்னாலேயே நிற்பார். அக்காவுக்குக் கல்யாணமான வருடம் மூக்கையா அண்ணாச்சி, "மகளத்தான் கட்டிக் குடுத்தாச்சே, இனி ரெண்டு பேரு போதும்லா வே?" என்று கேட்டார்.

"கட்டிக் குடுத்துட்டா மக இல்லாமப் போயிருவாளா? மூணும் எழுதச் சொல்லும் வே" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அண்ணாச்சி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

என்னைப் பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் கொண்டு விட்டதும் அந்த வேன்தான். எஃப்.சி. முடிந்த மறுநாள். பெயிண்ட் சரியாகக் காயவில்லை. நான் இறங்கும்போது கதவில் சாய்ந்துவிட்டேன், வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்கப் பச்சை. விடுதி வாசலில் நின்ற சீனியர்கள் பார்த்தார்கள். மூன்று வருடமும் எனக்குப் பெயர் 'பெயிண்டு'. அப்பா மட்டும் போகும்போது வேனைத் திருப்பி, பின்கதவு எனக்குத் தெரியும்படி ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத்தான் போனார். அதில் என் பெயர் இருந்தது. பதினெட்டு வயதுப் பயலுக்கு அழுகை வந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

என் மகளை நானே கொண்டு விட வேண்டும் என்று நான் அடம்பிடித்ததற்குக் காரணம் அதுதான்.

3

பொன்கிருபா வரும்போது அவளுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். அவளுடைய தமிழ் அந்த ஆறு வயதிலேயே நின்றுவிட்டது. மற்ற எல்லாம் வளர்ந்தது. இப்போது அவள் என்னைவிட உயரம். ஆங்கிலத்தில் அவள் பேசினால் எனக்குப் பாதி புரியாது. ஆனால் எப்போதாவது தமிழ் பேசினால், அச்சு அசலாக ஆழ்வார்குறிச்சி ஆறு வயதுப் பிள்ளை பேசுவது கேட்கும்.

பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் பானி; பொன் என்பது ஆங்கில வாயில் அப்படி ஆகிவிட்டது. அதை வைத்தது ஆசிரியையா, அவளேவா என்று இன்றுவரை தெரியாது. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு வீட்டுத் தொலைபேசியில் "பானி இருக்கிறாளா?" என்று பிள்ளைகள் கேட்க, நானே "பானி, உனக்குத்தான்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது இந்தப் பிக்கப்பை வாங்கினோம். கருநீல வண்டி. வாங்கின வாரமே தொட்டியின் பின்பலகையில் சாக்பீஸால் பொன்கிருபா என்று பெரிதாக வரைந்து, பெயிண்ட் அடிக்கத் தயாராக நின்றேன். பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கியவள் அதைப் பார்த்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, ஸ்வெட்டர் கையாலேயே அழித்தாள். "எல்லாரும் பாப்பாங்கப்பா" என்று ஒரே அழுகை. சரிம்மா, வேண்டாம் என்றேன். அத்தோடு விட்டுவிட்டேன்.

அப்பா விடவில்லை. அந்த வாரமே போனில் கேட்டார், "வண்டியில பிள்ளை பேரு எழுதியாச்சா?"

"எழுதியாச்சுப்பா" என்றேன்.

பொய். அதற்குப் பிறகு ஒவ்வொரு பரிசோதனைக்கும் அவர் அதே கேள்வியைக் கேட்பார், நான் அதே பொய்யைச் சொல்வேன். போட்டோ அனுப்பச் சொல்வார். பனி மூடியிருக்கிறது, சேறாக இருக்கிறது, கேமரா சரியில்லை என்று எட்டு வருடம் ஓட்டிவிட்டேன். வீடியோ அழைப்பில்கூட வண்டியின் முன்பக்கத்தை மட்டும்தான் காட்டுவேன்.

திங்கட்கிழமை தேறாத தாளோடு வீட்டுக்கு வந்ததும், ரோஸ்லின் அதை வாசித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொன்கிருபா சிரிக்கவில்லை. போனைப் பார்த்தபடி, "பரவால்லப்பா. மேகன் வீட்டு வேன்ல இடம் இருக்காம். அவ அம்மா என்னையும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுதாங்க" என்றாள்.

மேகன் அவளுடைய சிநேகிதி, அதே பல்கலைக்கழகத்துக்குத்தான் போகிறாள். நல்ல பிள்ளை. அந்த நிமிடத்தில் அந்த நல்ல பிள்ளையின் மேல் எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு" என்று மட்டும் சொன்னேன்.

4

பெயிண்ட் அடிக்க இரண்டு நாள் ஆனது. அதைச் சுரண்ட மூன்று நாள் பிடித்தது. இந்த ஊர்ப் பெயிண்ட் லேசில் வராது. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து கம்பித் தூரிகையோடு வண்டிக்கு அடியில் நுழைந்தேன். சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வந்தபோது ஒரு முழம் நீளம்தான் இரும்பு தெரிந்தது. கண்ணில், காதில், மூக்கில் எல்லாம் கறுப்புத் தூள். ரோஸ்லின் என்னை வாசலிலேயே நிறுத்தி, "அப்படியே நில்லுங்க, உள்ள வந்தீங்க தெரியும்" என்று தண்ணீர்க் குழாயைத் திருப்பினாள்.

புதன்கிழமை நான் அடியில் கிடக்கும்போது பக்கத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன. பிறகு ஒரு அட்டையை விரித்துக்கொண்டு பொன்கிருபாவும் உள்ளே வந்து மல்லாந்தாள். கண்ணாடி, முகமூடி, கையுறை, ஒரு சுரண்டி. எல்லாம் முறையாக இருந்தது.

"நீங்க கண்ணாடி போடலையாப்பா?"

"எங்கப்பா போட்டதில்ல."

"தாத்தாதானே இந்தப் பெயிண்ட அடிக்கச் சொன்னது?" என்று என் மேலும் ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டாள்.

கொஞ்ச நேரம் சுரண்டினோம். பிறகு கேட்டாள், "அங்க இன்ஸ்பெக்டர் புதுப் பெயிண்ட்டப் பாத்தா ஏன் கோபப்படல?"

நான் யோசித்துப் பார்த்தேன். "கோபப்பட என்ன இருக்கு? புதுச் சட்டை போட்டு வந்திருக்கான், நம்மள மதிச்சிருக்கான்னு நினைப்பாரு" என்றேன்.

"அப்போ கார்டன நீங்க மதிச்சீங்க. அவருக்குப் புரியல."

"ஆமா."

"அவரு உங்கள நம்பல. உங்களுக்குப் புரியல."

"ஆமாட்டி, பெரிய வக்கீலு" என்றேன். முகமூடிக்குள் அவள் சிரித்தது கேட்டது.

பின்சக்கரத்துக்கு மேலே அவள் சுரண்டிக்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று ஒரு செதில் பெயர்ந்து விழுந்தது. "அப்பா, இங்கன பாருங்க" என்றாள். பார்த்தேன். அவளுடைய சுண்டுவிரல் சேஸுக்குள் போய்விட்டிருந்தது. நான் இரண்டு கோட்டிங் அடித்து மினுக்கிய இடம்தான் அது. கார்டன் கேட்ட கேள்வி எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான்கு மணி நேர நெடுஞ்சாலை, பின்னால் அவ்வளவு பாரம், பக்கத்தில் என் பிள்ளை.

"காயலான் கடைதானா?" என்று கேட்டாள். அந்தச் சொல் அவளுக்கு எப்படி நினைவிருந்தது என்று தெரியவில்லை.

"தெரியல. வெள்ளிக்கிழமை தெரியும். ஆகலைன்னா நீ மேகன்கூடப் போயிரு. பாதுகாப்புதான் முக்கியம்" என்றேன்.

அவள் விரலை வெளியே எடுத்தாள். "நான் மேகன்கூடப் போறேன்னு சொன்னது உங்களுக்கு வருத்தமாப்பா?"

"சே, அதெல்லாம் இல்ல."

"பொய் சொல்லுதீங்க" என்றாள் ஆறு வயதுப் பிள்ளை. "நீங்க கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சொன்னேன். எனக்கும் நம்ம வண்டிதான் வேணும்."

வண்டிக்கு அடியில் கிடக்கும்போது அழக்கூடாது. கண்ணாடிக்குள் கண்ணீர் தேங்கினால் துடைக்க வழியே கிடையாது.

வியாழக்கிழமை மூன்று பேருமாகச் சுரண்டினோம். ரோஸ்லின் வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் வந்து, நாங்கள் இருவரும் சேர்ந்து சுரண்டியதைவிட அதிகமாகச் சுரண்டிவிட்டுப் போனாள்.

5

வெள்ளிக்கிழமை கார்டன் வண்டியைத் தூக்கினார். கீழே அது தோலுரித்த மாதிரி நின்றது. எனக்குப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவர் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து சேஸை முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங். ஒவ்வொரு டங்குக்கும் நான் மூச்சு விட்டேன். பின்சக்கரத்துக்கு மேலே தொப் என்றது. சுற்றிலும் தட்டினார். மறுபடியும் டங்.

"உள்ளங்கை அகலம்தான் போயிருக்கிறது. மற்றதெல்லாம் நல்ல இரும்பு" என்றார். தகடு வெட்டி, சுற்றிலும் வெல்டிங் வைத்தார். ஒரு பிரேக் குழாய் அரித்துப்போயிருந்தது, அதையும் மாற்றினார். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, கண்ணாடியில் ஸ்டிக்கரை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினார். அன்று திங்கட்கிழமை நீட்டாத கையை இன்று நீட்டினார்.

"சரி, இப்போது போய்ப் பெயிண்ட் அடி" என்றார்.

நான் அவரையே பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துருப்பிடிக்காமல் இருக்கச் சோதனை முடிந்தபிறகுதான் அடிக்க வேண்டுமாம். எங்கள் ஊரில் பெயிண்ட் அடித்தால் எஃப்.சி. ஆகும், இங்கே எஃப்.சி. ஆனால் பெயிண்ட் அடிக்கலாம். பன்னிரண்டு வருடமாக இந்த நாட்டில் நான் பல காரியங்களைச் சரியாகத்தான் செய்திருக்கிறேன், வரிசையைத்தான் மாற்றிச் செய்திருக்கிறேன் போலிருக்கிறது.

திரும்பும்போது எங்கள் தெரு முக்கிலிருந்தே ஹாரன் அடித்தேன். எதிர்வீட்டு அம்மாள் ஏதோ விபத்து என்று பதறி வெளியே வந்தாள். பொன்கிருபா மட்டும் காரணம் தெரிந்து குதித்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை காலையில் நான் குளித்து வருவதற்குள் அவளே சாமான்களை ஏற்றி, மேலே தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள். தார்ப்பாய் பின்னால் தரையைத் தொடாத குறையாகத் தொங்கியது. தூக்கிக் கட்டலாம் என்று போனேன். "நான் நல்லாத்தான் கட்டிருக்கேன், நீங்க பின்னாடி வராதீங்க" என்று கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் முழங்கையில் வெள்ளிப் பெயிண்ட் ஒரு பொட்டு இருந்தது. போல்ட்டுக்கு அடித்தது ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். மூன்று பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தோம். ரோஸ்லின் ஜெபம் பண்ணினாள். ஜெபத்தில் கார்டன் பெயரும் வந்தது.

நான்கு மணி நேரமும் பழைய கதைதான். 'பெயிண்டு' என்று எனக்குப் பெயர் வந்த கதையை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

விடுதியில் அவளே முந்திக்கொண்டு போய்ப் பின்பலகையைத் திறந்துவிட்டாள். சாமான்களை இறக்கி, மூன்றாவது மாடிக்கு ஏற்றி, மெத்தையைப் போட்டு, ரோஸ்லின் உறை மாட்டி, எல்லாம் முடிந்தது. வாசலில் கட்டிப்பிடித்தோம். மேகனும் வந்து சேர்ந்திருந்தாள். "பானி!" என்று கூப்பிட்டாள். இவள், "இதோ வாரேன்" என்று பழக்கத்தில் தமிழிலேயே கத்திவிட்டு, என்னிடம் திரும்பி, "வண்டியத் திருப்பி நிறுத்திட்டுப் போங்கப்பா" என்றாள்.

எதற்கு என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஓடிவிட்டாள்.

தார்ப்பாயை மடித்துப் போட்டுவிட்டு, திறந்து கிடந்த பின்பலகையைத் தூக்கி மூடினேன். கருநீலத்தில், வெள்ளி எழுத்தில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை எழுதியிருந்தது: பொன்கிருபா. கோணலும் மாணலுமாக, உருண்டை உருண்டையான ஒன்றாம் வகுப்பு எழுத்து. ரோஸ்லின் என் முதுகில் ஒரு குத்து விட்டு, "பாத்தீங்களா உங்க மகள?" என்றாள். அவளுக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. நான் நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது மாடி ஜன்னலில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மேகன், இன்னும் இரண்டு பிள்ளைகள். எல்லாரும் பார்த்தார்கள். அவள் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

நான் வண்டியைத் திருப்பி, பின்பக்கம் அவளுக்கு நன்றாகத் தெரியும்படி ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத்தான் புறப்பட்டேன்.

வழியில் டீ குடிக்க நிறுத்திய இடத்தில் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுத் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னலே, எட்டு வருசத்து எழுத்து நேத்து எழுதுன மாதிரி இருக்கு?"

"எஃப்.சி.க்குப் புதுசா எழுதுனதுப்பா."

"எழுத்து கோணலா இருக்கே. யாருலே பெயிண்டரு?"

"இங்கன ஒரு பிள்ளைப்பா. இப்பத்தான் ஹாஸ்டல்ல விட்டுட்டு வாரோம்."

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நல்லா இருக்குலே" என்றார். "அடுத்த எஃப்.சி.க்கு இத மட்டும் அழிச்சிராதே."